வெளிநாட்டுப் பள்ளிகளில் ஆசிரியர் பணி: முகவரிடம் பணம் செலுத்தும் முன் அறிய வேண்டியவை என்ன?

கொல்கத்தா: வளைகுடா நாடுகள், பிரிட்டன், அமெரிக்கா ஆகியவற்றின் பள்ளிகளில் பணியாற்ற விரும்பும் இந்திய ஆசிரியர்கள் பலர் ஆள்சேர்ப்பு முகவர்களையே நாடுகின்றனர். ஆனால், வெளிநாடு செல்லும் தொழிலாளர்களுக்காக அரசு ஏற்படுத்தியுள்ள பாதுகாப்பு நடைமுறைகளில் முக்கியமான ஒன்று, படித்தவர்கள் என்ற காரணத்தாலேயே ஆசிரியர்களுக்குப் பொருந்துவதில்லை. இதனால், பணி ஒப்பந்தத்தைச் சரிபார்க்கும் பொறுப்பு பெரும்பாலும் அவர்களையே சேர்கிறது.

கொல்கத்தாவின் அலிப்பூர் பகுதி, ஆசிரியர் பணியுடன் இருவகையில் தொடர்புடையது. அங்குள்ள ஹேஸ்டிங்ஸ் இல்ல வளாகத்தில் மகளிருக்கான கல்வியியல் கல்லூரி இயங்குகிறது. மேற்கு வங்கத்தை உலுக்கிய ஆசிரியர் நியமன முறைகேடு வழக்குகள், அலிப்பூரில் உள்ள சிபிஐ சிறப்பு நீதிமன்றத்துக்குச் சென்றன. அந்த முறைகேடு தொடர்பாக, 2016-ஆம் ஆண்டு தேர்வின் அடிப்படையில் நியமிக்கப்பட்ட ஆசிரியர்கள் மற்றும் பணியாளர்கள் 25,753 பேரின் நியமனத்தை உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 3-ஆம் தேதி ரத்து செய்தது. உள்நாட்டில் பணி வாய்ப்பு நிச்சயமற்றதாகும்போது, வெளிநாட்டு வேலை குறித்த விளம்பரங்கள் ஆசிரியர்களை ஈர்ப்பது இயல்பு.

சட்டம் என்ன கூறுகிறது?

வெளிநாட்டு வேலைக்கு ஆள்சேர்ப்பதை ஒழுங்குபடுத்துவது 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம். வெளியுறவு அமைச்சகத்திடம் பதிவுச் சான்றிதழ் பெறாமல் எவரும் ஆள்சேர்ப்பு முகவராகச் செயல்படக் கூடாது என அதன் 10-ஆவது பிரிவு தெரிவிக்கிறது. மீறுவோருக்கு 2 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்க 24-ஆவது பிரிவு வழிவகை செய்கிறது.

பதிவு பெறும் முகவர்கள் வங்கி உத்தரவாதம் அளிக்க வேண்டும். பெரிய முகவர்களுக்கு இத்தொகை ரூ.50 லட்சம். பதிவு பெறாதவரிடம் ஏமாறுவோருக்கு, இழப்பை ஈடுகட்ட இத்தகைய உத்தரவாதம் எதுவும் இருக்காது.

வேலை தேடுவோரிடம் முகவர் பெறக்கூடிய சேவைக் கட்டணத்துக்கும் உச்சவரம்பு உண்டு. அது ரூ.30,000. அதன் மீது 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் ரூ.35,400. இத்தொகைக்கு உரிய ரசீது வழங்கப்பட வேண்டும்.

படிப்பால் கிடைக்கும் விலக்கு

இந்தியக் கடவுச்சீட்டுகள் இரு வகைப்படும். பத்தாம் வகுப்பில் தேர்ச்சி பெறாதவர்கள், சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், கத்தார், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லும் முன் குடிபெயர்வு அனுமதி பெற வேண்டும். கொல்கத்தா, சென்னை உள்ளிட்ட நகரங்களில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகங்கள் இந்த அனுமதியை வழங்குகின்றன. பணி ஒப்பந்தம், ஊதியம், முகவரின் பதிவு ஆகியவை அப்போது பரிசீலிக்கப்படும். ரூ.10 லட்சத்துக்கான பிரவாசி பாரதிய பீமா காப்பீடும் கட்டாயம்.

பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பெற்றவர்களுக்கு இந்த அனுமதி தேவையில்லை. பட்டமும் பி.எட். சான்றும் பெற்ற ஆசிரியர்கள் அனைவரும் இந்தப் பிரிவில் அடங்குவர். படித்தவர் தம் நலனைத் தாமே காத்துக்கொள்வார் என்ற கருத்தே இந்த விலக்குக்கு அடிப்படை. ஆனால், அதன் விளைவாக அவர்களது ஒப்பந்தத்தை விமான நிலையம் வரை எந்த அதிகாரியும் பார்ப்பதில்லை.

இந்த இடைவெளியைக் குறைக்கும் முயற்சியும் நடைபெற்றது. அனுமதி தேவைப்படாத பிரிவினரும் அந்த 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லும் முன் இணையத்தில் பதிவு செய்வது 2019 ஜனவரி 1 முதல் கட்டாயம் என வெளியுறவு அமைச்சகம் 2018 நவம்பரில் அறிவித்தது. எனினும், அதே மாத இறுதியில் அந்த முடிவு நிறுத்தி வைக்கப்பட்டது.

லூசியானா வழக்கு

கல்வித் தகுதி மட்டும் பாதுகாப்பாகிவிடாது என்பதற்கு அமெரிக்காவின் லூசியானா மாகாணத்தில் நிகழ்ந்த வழக்கு சான்றாக உள்ளது. 2007-ஆம் ஆண்டு முதல் பிலிப்பின்ஸைச் சேர்ந்த 350-க்கும் மேற்பட்ட ஆசிரியர்கள், லாஸ் ஏஞ்சலிஸைச் சேர்ந்த யுனிவர்சல் பிளேஸ்மென்ட் இன்டர்நேஷனல் என்ற முகமை மூலம் எச்-1பி விசாவில் அங்குள்ள அரசுப் பள்ளிகளில் சேர்ந்தனர்.

அவர்கள் தலா சுமார் 16,000 டாலர் செலுத்தினர். முதல் தவணையைச் செலுத்திய பிறகே அடுத்த தவணை பற்றித் தங்களுக்குத் தெரிவிக்கப்பட்டது என்றும், விலகினால் செலுத்திய பணம் திரும்பக் கிடைக்காது என்பதால் கடன் வாங்கி மேலும் பணம் கட்ட நேர்ந்தது என்றும் ஆசிரியர்கள் கூறினர். 2010-இல் தொடரப்பட்ட இவ்வழக்கில், ஆசிரியர்களுக்கு 45 லட்சம் டாலர் வழங்குமாறு 2012 டிசம்பரில் கலிபோர்னியாவில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றத்தின் ஜூரி குழு தீர்ப்பளித்தது. பள்ளி வாரியம் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்பட்டது.

மேரிலாந்து மாகாணத்தின் பிரின்ஸ் ஜார்ஜஸ் கவுண்டி பள்ளி நிர்வாகத்தின் நிலை வேறு. தானே ஏற்க வேண்டிய எச்-1பி விசா செலவுகளை வெளிநாட்டு ஆசிரியர்கள் மீது சுமத்தியதாக அமெரிக்கத் தொழிலாளர் துறை கண்டறிந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களுக்கு சுமார் 42 லட்சம் டாலர் வழங்க அந்த நிர்வாகம் 2011-இல் ஒப்புக்கொண்டது. 2 ஆண்டுகளுக்கு அந்த விசா திட்டத்தைப் பயன்படுத்தவும் அதற்குத் தடை விதிக்கப்பட்டது.

கட்டணத்தை ஏற்க வேண்டியவர் யார்?

வேலை தேடுவோரிடம் கட்டணம் பெறக் கூடாது என்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 181-ஆவது உடன்படிக்கையின் (1997) பொது விதி. இந்தியா இதை ஏற்புறுதி செய்யவில்லை. ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021-ஆம் ஆண்டு தொழிலாளர் சட்டம், ஆள்சேர்ப்புச் செலவைப் பணியாளரிடம் நேரடியாகவோ மறைமுகமாகவோ வசூலிப்பதைத் தடை செய்கிறது. பிரிட்டனில், வேலை தேடித் தருவதற்காக விண்ணப்பதாரரிடம் கட்டணம் பெறுவதை 1973-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது.

இங்கிலாந்தில் தகுதி பெற்ற ஆசிரியர் என்ற அங்கீகாரத்துக்கு இந்தியா உள்ளிட்ட 9 நாடுகள் மற்றும் பிரதேசங்களின் ஆசிரியர்கள் 2023 பிப்ரவரி முதல் நேரடியாக விண்ணப்பிக்க முடிகிறது. இந்திய ஆசிரியர்களில் கணிதம், அறிவியல், மொழிப் பாட ஆசிரியர்களுக்கே இவ்வாய்ப்பு உண்டு. விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது. எனவே, இந்த அங்கீகாரத்தைப் "பெற்றுத் தருவதாக" எவரேனும் பெருந்தொகை கேட்டால் எச்சரிக்கை அவசியம்.

காமன்வெல்த் நாடுகள் 2004 செப்டம்பர் 1-ஆம் தேதி ஏற்றுக்கொண்ட ஆசிரியர் ஆள்சேர்ப்பு நெறிமுறை, பணி நிபந்தனைகளை ஆசிரியருக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என வலியுறுத்துகிறது. எனினும், அது சட்டப்படி கட்டுப்படுத்தக்கூடியது அல்ல.

ஆசிரியர்கள் செய்ய வேண்டியவை

* முகவரின் பதிவு எண்ணையும் அதன் செல்லுபடிக் காலத்தையும் மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் சரிபார்க்க வேண்டும். பெருநிறுவனத்தின் கிளை எனக் கூறுவோரின் முகவரியும் பட்டியலுடன் பொருந்த வேண்டும்.

* வேலை வழங்குவதாகக் கூறப்படும் பள்ளியை, முகவர் தரும் எண்ணில் அன்றி, பள்ளியின் அதிகாரபூர்வ இணையதளத்தில் உள்ள எண்ணில் தொடர்புகொள்ள வேண்டும்.

* பாடம், வகுப்பு, ஊதியம், தங்குமிடம், விமானக் கட்டணம், தகுதிகாண் காலம், பணி விலகல் விதி ஆகியவை எழுத்துப்பூர்வ ஒப்பந்தத்தில் இடம்பெறும் முன் பணம் செலுத்தக் கூடாது. மொத்தச் செலவையும் தொடக்கத்திலேயே எழுதிப் பெறுவது நல்லது.

* சுற்றுலா விசாவில் சென்று, பிறகு வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்ற யோசனையை ஏற்கக் கூடாது.

* அசல் சான்றிதழ்களையும் கடவுச்சீட்டையும் முகவரிடம் ஒப்படைத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது. சான்றொப்பத்துக்காகக் கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு பெற வேண்டும்.

தமிழகத்தைச் சேர்ந்தவர்கள், மாநில அரசு 1978-இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தின் அறிவிப்புகளையும் கவனிக்கலாம்.

புகார் அளிப்பது எங்கே?

பதிவு பெற்ற முகவர் மீதான புகாரைக் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் அளிக்கலாம். பதிவு பெறாதவர் ஏமாற்றினால், காவல் நிலையத்தில் மோசடிப் புகார் பதிவு செய்வதே முதற்படி. மேற்கு வங்க குற்றப் புலனாய்வுத் துறையின் தலைமையகம் அலிப்பூரின் பவானி பவனில் உள்ளது. வெளிநாட்டில் சிக்கலுக்கு ஆளானவர்கள் இந்தியத் தூதரகத்தையோ, வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்தையோ நாடலாம்.

ஒப்பந்த நகல், பணப் பரிமாற்ற ஆவணம், முகவருடனான கடிதப் போக்குவரத்து ஆகியவையே எந்தப் புகாருக்கும் அடிப்படை. ரசீதின்றி ரொக்கமாகக் கொடுத்த பணத்தை மீட்பது மிகக் கடினம்.