கொள்கலன் மென்பொருளும் தன்னியக்க வெளியீடும்

மென்பொருளை ஆக்குவோரும் அதனை வழங்கிக் கணினியில் நிறுவுவோரும் நெடுங்காலம் இருவேறு தொழிற்பிரிவினராகவே இருந்தனர். ஓரிடத்தில் இயங்கிய நிரல் மற்றோரிடத்தில் இயங்காதபோது, ஒரு சாரார் மறுசாராரைக் குறைகூறுவது வழக்கமாயிற்று. 2013இல் வெளிவந்த டொக்கர், நிரலையும் அது வேண்டிநிற்கும் நிரல்நூலகங்களையும் ஒரே படிமமாகக் கட்டும் முறையைப் பரவலாக்கியது. கப்பற் கொள்கலனின் பெயரை இம்முறை ஏற்றமை பொருத்தமே.

இதன்மேல் எழுந்ததே தன்னியக்க வெளியீடு. நிரலர் தமது மாற்றத்தைப் பொதுக் களஞ்சியத்திற் சேர்த்ததும், பொறி படிமத்தை ஆக்கும், சோதிக்கும், தேறியதைச் சேமித்து வழங்கிக்கு அனுப்பும். இங்கு பலர் கருத்தூன்றாத இடம் ஒன்றுண்டு. சோதனைக்கென ஒரு படிமத்தையும் வெளியீட்டுக்கென மற்றொன்றையும் ஆக்கினால், இடையில் ஏதேனும் ஒரு நூலகம் புதுப்பிக்கப்பட்டிருப்பின், சோதிக்கப்படாத பொருளே பயனரைச் சென்றடையும். ‘லேட்டஸ்ட்’ எனும் பெயர்ச்சீட்டை நம்புவதும் இத்தகையதே. இன்று ஒரு படிமத்தைச் சுட்டும் சீட்டு நாளை வேறொன்றைச் சுட்டக்கூடும். படிமத்தின் உள்ளடக்கத்திலிருந்தே எஸ்எச்ஏ-256 முறையிற் கணிக்கப்படும் அடையாளக் குறியோ அவ்வாறு மாறுவதில்லை. ஆதலின் படிமத்தை ஒருமுறை மட்டும் ஆக்கி, அக்குறியைக் கொண்டே அனுப்புதல் வேண்டும்.

பொறி தானே தீர்ப்பளிக்கிறது என்பது மயக்கமாகும். சோதனையை எழுதியோர் எண்ணிப்பாராத பிழையை அது காணாது. தன்னியக்கத்தைக் காரணங்காட்டிச் சோதனையாளரைக் குறைக்க முனையும் நிருவாகங்கள் இதனைக் கருதுவதில்லை. முந்திய படிமத்தின் குறி பேணப்பட்டிருப்பின், பிழை தெரிந்தவுடன் அதற்கு மீளலாம்; எனினும் தரவுத்தளத்தின் அமைப்பும் மாற்றப்பட்டிருந்தால் அம்மீட்சி அத்துணை எளிதன்று.