களைக்கொல்லி எப்படிக் கொல்கிறது?

கோரைப்புல்லை வெட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மேலே வெட்ட வெட்ட, மண்ணுக்குள் இருக்கிற கிழங்கிலிருந்து திரும்பத் திரும்ப முளைத்து வரும். வெறுத்துப்போய்க் கடைக்குப் போனால், "களைக்கு மருந்து கொடுங்க" என்று பொதுவாகக் கேட்கிறோம், கிடைத்த கேனை வாங்கி வருகிறோம். (விஷத்துக்கு நாம வெச்சிருக்கிற பேரு மருந்து!) அது எந்த வகை என்று கேட்பதில்லை. எப்படி அடிக்கணும், தவறினால் என்ன ஆகும் என்பதெல்லாம் அந்த வகையைப் பொறுத்ததுதான்.

கிளைபோசேட்டை எடுத்துக்கொள்வோம். 1974இல் ரவுண்டப் என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. செடி சில அமினோ அமிலங்களைத் தயாரிக்கத் தேவையான ஒரு நொதியை இது முடக்குகிறது. இலையில் விழுந்த மருந்து, செடி தயாரிக்கும் சர்க்கரையோடு சேர்ந்து வேருக்கும் கிழங்குக்கும் இறங்க வேண்டும். இது புரிந்தால் விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. புல்லை வெட்டிவிட்டு உடனே அடித்தால் வாங்கிக்கொள்ள இலை இல்லை. தண்ணீரில்லாமல் வாடி நிற்கும் செடி எதையும் கீழே அனுப்பாது. "ரெண்டு மூடி சேர்த்து ஊத்துவோம்" என்று கூட்டிக் கலந்தால், இலை சீக்கிரம் கருகிப்போய் மருந்து கிழங்கைச் சேராமல் நின்றுவிடும். கலங்கல் தண்ணீரில் கலந்தால் களிமண் துகள்களே அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பலன் தெரிய ஒரு வாரத்துக்கு மேலாகும், மூணாம் நாளே மறுபடி அடிப்பது வீண்.

அந்த நொதி மனித உடலில் கிடையாது. அதற்காக ஆபத்தே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2015இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை இதை 'அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது' என்று வகைப்படுத்தியது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அதை ஏற்கவில்லை. 2022 அக்டோபரில் வந்த இந்திய அரசின் அறிவிக்கை, பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் மட்டுமே இதைப் பயன்படுத்தலாம் என்றது. அடிக்க வருகிறவர் சரியாகத்தான் அடிக்கிறாரா என்று பார்க்கவாவது மேலே சொன்னது உதவும்.

2,4-டி வேறு ரகம். அகன்ற இலைச் செடிகளைக் கொல்லும், புல்லை விட்டுவிடும். கோரைக்கு என்று வாங்கினால் காசுக்குத்தான் கேடு. காற்றில் பறந்தால் பக்கத்து வீட்டுத் தக்காளி இலையெல்லாம் சுருண்டுவிடும். ஸ்ப்ரேயரில் மிஞ்சிய கொஞ்சமே போதும், எனவே களைக்கொல்லிக்குத் தனி ஸ்ப்ரேயர் வேண்டும்.

உப்பு, வினிகர், சோப்பு கலவையை 'இயற்கை முறை' என்று பரப்புகிறார்கள். சமையல் வினிகர் மேல் இலையைக் கருக்கும், கிழங்கு பிழைத்துக்கொள்ளும். உப்போ மண்ணிலேயே தங்கி, அடுத்து நாம் வைக்கிற செடியையும் வளரவிடாது.

பாராகுவாட்டுக்கு வீட்டுத் தோட்டத்தில் வேலையே இல்லை என்பது என் முடிவு. பட்ட இலையைச் சில மணி நேரத்தில் கருக்கும், கிழங்கைத் தொடாது. செடிக்குள் அது ஆக்சிஜனைத்தான் ஆயுதமாக்குகிறது. மனிதருக்குள் போனால் நுரையீரலில் சேர்ந்து அதையேதான் செய்கிறது. அதனால் மூச்சுத் திணறலுக்கு ஆக்சிஜன் கொடுப்பதும் பாதிப்பைக் கூட்டலாம். மாற்று மருந்து கிடையாது. பழைய தயாரிப்பு பழுப்பு நிறத்தில் இருந்ததால் குளிர்பானம் என்று நினைத்துக் குடித்து இறந்தவர்கள் உண்டு. அதற்குப் பிறகுதான் நீலச் சாயமும் துர்நாற்றமும் வாந்தி வரவழைக்கும் பொருளும் சேர்த்தார்கள்.

அதனால் எந்தக் களைக்கொல்லியானாலும் தண்ணீர் பாட்டிலில் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தால் வாங்காதீர்கள். கலக்கும் நேரத்தில்தான் ஆபத்து அதிகம், கையில் விழுவது நீர்க்காத கரைசல். ரப்பர் கையுறை, கண்ணாடி, முழுக்கைச் சட்டை அப்போதே வேண்டும். காலிக் கேனை மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரையும் ஸ்ப்ரேயரிலேயே ஊற்றிவிட்டு, கேனை ஓட்டை போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் யாராவது அதில் மண்ணெண்ணெயோ தண்ணீரோ பிடித்து வைப்பார்கள்.

யாராவது குடித்துவிட்டால், "நல்லாத்தானே பேசுறார்" என்று காத்திருக்க வேண்டாம். பாராகுவாட் குடித்தவர் முதல் நாள் தெளிவாகவே இருக்கலாம், நுரையீரல் பிறகுதான் கெடும். உடனே 108ஐ அழையுங்கள். லேபிளோடு அந்தக் கேனையும் கையோடு எடுத்துப் போங்கள்.