சாவிக்கொத்து நிறுத்தாத வலிப்பு

போன வைகாசியில் ஒரு மாலை, திருவாரூர் பேருந்து நிலையம். டீக்கடை பெஞ்சில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த இளைஞன் கையிலிருந்து கிளாஸ் நழுவியது. அடித்தொண்டையிலிருந்து ஒரு கத்தல். உடம்பு விறைத்து அப்படியே சரிந்தான். கைகால் வெட்டி வெட்டி இழுத்தன. கண் மேலே செருகிவிட்டது, வாயோரம் நுரை.

"ஃபிட்ஸுய்யா! யார்கிட்டயாவது சாவி இருந்தா குடுங்க!"

ஆளாளுக்குச் சட்டைப்பையைத் தடவினார்கள். மொபெட்காரர் ஒருவர் தன் சாவிக்கொத்தை அவன் உள்ளங்கையில் திணித்து விரல்களை அழுத்தி மூடினார். பல் கிட்டிப்போகுமே என்று பயந்த இன்னொருவர் கடைக் கரண்டியை வாய்க்குள் நுழைத்தார். உதடு கிழிந்து ரத்தம் வந்ததுதான் மிச்சம். சிறிது நேரத்தில் இழுப்பு தளர்ந்து நின்றது. "பாத்தீங்களா, இரும்பு பட்டதும் அடங்கிருச்சு" என்றார் மொபெட்காரர். ஓடி வந்து உதவிய மனிதர் அவர். ஆனாலும் அவர் சொன்னது உண்மையில்லை.

பெரும்பாலான வலிப்புகள் ஒன்றிலிருந்து மூன்று நிமிடங்களுக்குள் தாமாகவே நின்றுவிடுகின்றன. சாவி கேட்டு, தேடி, எடுத்து, கையில் வைத்து மூடுவதற்குள் அந்த நேரம் ஓடிவிடுகிறது. தலைமுறை தலைமுறையாக இரும்புக்குப் பெயர் கிடைத்தது இப்படித்தான்.

மூளையின் நரம்பணுக்கள் சின்னச் சின்ன மின்துடிப்புகளால் தமக்குள் பேசிக்கொள்கின்றன. ஒன்று பேசும்போது இன்னொன்று அடங்கியிருக்கும்படி, தூண்டும் வேதிப்பொருளும் அடக்கும் வேதிப்பொருளும் மூளைக்குள் ஒன்றையொன்று சரிக்கட்டி நிற்கின்றன. அந்தக் கட்டு குலைந்து அணுக்கள் கூட்டமாக ஒரே நேரத்தில் துடித்தால் அதுதான் வலிப்பு. மூளையின் எந்த இடம் துடிக்கிறதோ அந்த இடத்தின் வேலைதான் வெளியில் தெரியும். கையை ஆட்டும் பகுதி என்றால் ஒரு கை மட்டும் இழுக்கும். மூளை முழுக்கப் பரவினால் ஆளே விழுவார். விழாத வலிப்பும் உண்டு. பாடம் நடக்கும்போது ஒரு சிறுமி பத்து விநாடி வெறித்துப் பார்த்துவிட்டு, எதுவும் நடக்காததுபோல எழுத்தைத் தொடர்வாள். ஒரு நாளில் இது பலமுறை வரும். "எங்கடி பாக்குற?" என்று டீச்சர் அதட்டுகிறார். அந்தக் குழந்தைக்குத் தேவை திட்டு அல்ல, மூளையின் மின்துடிப்பைப் பதிவுசெய்யும் ஒரு இ.இ.ஜி. பரிசோதனை.

ஒருமுறை வலிப்பு வந்துவிட்டதாலேயே அது வலிப்பு நோய் ஆகிவிடாது. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரை உள்ள குழந்தைக்குக் கடும் காய்ச்சலில் வலிப்பு வரலாம். ரத்தத்தில் சர்க்கரையோ சோடியமோ சட்டென்று குறைந்தாலும் வரும். தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினாலும் வரும். வெளிக்காரணம் எதுவும் இல்லாமல் திரும்பத் திரும்ப வருவதைத்தான் வலிப்பு நோய் என்கிறார்கள். தலையில் அடி, பிரசவத்தில் மூச்சுத்திணறல், பக்கவாதம், மூளைக்காய்ச்சல், கட்டி என்று அதற்குக் காரணங்கள் பல. எவ்வளவு தேடியும் காரணம் பிடிபடாதவர்களும் நிறையப் பேர்.

நம் ஊர்க்காரணம் ஒன்றைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் அந்த மாவட்டத்தில் செய்த ஆய்வில், வலிப்பு நோயாளிகளில் சுமார் மூன்றில் ஒருவருக்கு மூளையில் நாடாப்புழுவின் இளம்பருவக் கட்டிகள்தான் காரணம் என்று தெரிந்தது. சரியாக வேகாத பன்றிக்கறி தின்றவர் குடலில் புழு வளர்கிறது. அவர் திறந்தவெளியில் மலம் கழித்தால் முட்டைகள் மண்ணுக்கும் தண்ணீருக்கும் கீரைக்கட்டுக்கும் போகின்றன. அங்கிருந்து, கறியே தொடாதவர் வயிற்றுக்குள்ளும் போய்ப் பொரிகின்றன, வெளிவரும் இளம்புழுக்கள் ரத்தத்தோடு மூளைக்கு ஏறிவிடுகின்றன. "நாங்க சுத்த சைவம், எங்களுக்கு எப்படி?" என்று கேட்கிறவர்களுக்குப் பதில் இதுதான். கழிப்பறையும் கைகழுவும் சோப்பும் வலிப்புக்கும் தடுப்பு மருந்து.

இன்னொன்று வெந்நீர் வலிப்பு. தென்னிந்தியாவில், அதிலும் கர்நாடகத்தில், அதிகம் பதிவாகியிருக்கிறது. கொதிக்கக் கொதிக்கச் சொம்பு சொம்பாகத் தலையில் ஊற்றும்போது சிலருக்கு வலிப்பு வரும். அப்படிப்பட்டவர்கள் எண்ணெய்க் குளியல் என்றாலும் வெதுவெதுப்பான நீரோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

கண்ணெதிரே ஒருவருக்கு வலிப்பு வந்தால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். கல், அடுப்பு, கண்ணாடி எதுவும் அருகில் இல்லாமல் விலக்குங்கள். தலைக்கடியில் மடித்த துண்டை வையுங்கள், கழுத்துப் பொத்தானைத் தளர்த்துங்கள். இழுப்பு தளர்ந்ததும் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், எச்சில் மூச்சுக்குழாய்க்குள் போகாமல் வெளியே வழியட்டும். கைகாலை அமுக்கிப் பிடிக்கக் கூடாது. வாயில் கரண்டி, துணி, விரல் எதுவும் கூடாது. நாக்கை யாராலும் விழுங்க முடியாது. முழு நினைவு திரும்பும்வரை தண்ணீர், சோடா வேண்டாம். ஐந்து நிமிடம் தாண்டியும் நிற்காவிட்டாலோ, நினைவு வருமுன் மறுபடி இழுத்தாலோ, முதல்முறை வந்திருந்தாலோ, கர்ப்பிணி என்றாலோ 108-ஐ அழையுங்கள்.

சிகிச்சை என்றால் முதன்மையாக மாத்திரைதான். 1912-இல் ஃபீனோபார்பிட்டால், 1938-இல் ஃபெனிட்டாயின், பிறகு கார்பமசெபைன், வால்ப்ரோயேட், இப்போது லெவெடிராசெட்டம் என்று வரிசை நீள்கிறது. சரியாகக் கண்டறிந்து சரியாக மருந்து எடுத்தால் பத்தில் ஏழு பேர் வலிப்பில்லாமல் வாழ முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே நிபந்தனை, வேளை தவறக் கூடாது. குறைந்தது இரண்டு ஆண்டு வலிப்பே வராமல் இருந்தால்தான் மருந்தைக் குறைப்பது பற்றி மருத்துவர் யோசிப்பார், அதுவும் படிப்படியாக. நாமாக ஒரேயடியாக நிறுத்தினால் முன்பைவிட மோசமாகத் திரும்பலாம். குழந்தை பெறும் வயதுப் பெண்கள் வால்ப்ரோயேட் எடுத்தால் கருவைப் பாதிக்கலாம். அதனால் கல்யாணப் பேச்சு எடுக்கும்போதே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

மாத்திரைக்கு அடங்காத சிலருக்கு, வலிப்பு கிளம்பும் இடத்தைக் கண்டுபிடித்து அறுவை சிகிச்சை செய்கிறார்கள். கனடாவில் மூளை அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்று திரும்பிய ஜேக்கப் சாண்டி 1952-இலேயே வேலூரில் அதைச் செய்தார். திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா நிலையத்தில் 1995 முதல் இதற்கென்றே ஒரு திட்டம் நடக்கிறது.

திருவாரூர் இளைஞன் கண் திறந்ததும் முதலில் சட்டையை இழுத்துச் சரிசெய்தான். யார் முகத்தையும் பார்க்கவில்லை. பேருந்துக்குக் காத்திருந்தபோது மெல்லப் பேசினான்: "மூணு நாளா மாத்திரை போடலண்ணே. சொந்தக்காரங்க வீட்டுக் கல்யாணம். பையில வச்சிருந்தா யாராவது பாத்துடுவாங்கன்னு அம்மாதான் எடுத்துட்டாங்க. எனக்கும் பொண்ணு பாக்குறாங்க."

அந்தத் தாய் எதற்குப் பயந்தார் என்பது புரியாததல்ல. இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பு நோய் திருமணத்தைச் செல்லாததாக்கும் காரணங்களில் ஒன்றாகவே பல்லாண்டு இருந்தது. 1999-இல் நாடாளுமன்றம் அதை நீக்கிவிட்டது. வலிப்பு உள்ளவர்கள் படிக்கிறார்கள், வேலைக்குப் போகிறார்கள், கல்யாணம் செய்து பிள்ளை பெற்று வளர்க்கிறார்கள்.

சம்பந்தம் பேசும்போது உள்ளதைச் சொல்லிப் பேசுங்கள். உங்கள் பிள்ளை ஊருக்குப் போகும்போது துணிமணியோடு மாத்திரை அட்டையையும் நீங்களே எடுத்து வையுங்கள்.