‘மினியேச்சர்’: செம்மை சிறுமையான வரலாறு

சிறுமைப் பொருள் தரும் ஆங்கிலச் சொற்களுள் ‘மினியேச்சர்’ என்பதும் ஒன்று. ‘மைனர்’, ‘மினிமம்’, ‘மைனஸ்’ ஆகியவற்றோடு இதனையும் ஒரே குடும்பமாகக் கொள்வது இயல்பு. நாமும் வகுப்பறையில் நெடுங்காலம் அவ்வாறே விளக்கி வந்தோம். அவ்விளக்கம் பிழையானது.

ஈயத்திலிருந்து பெறப்படும் செந்நிறப் பொடியை இலத்தீனில் ‘மினியும்’ என்றனர். முற்காலத்தில் சாதிலிங்கத்தையும் அப்பெயர் சுட்டிற்று. இடைக்கால ஐரோப்பியர் தம் கையெழுத்துச் சுவடிகளின் தலைப்புகளையும் முதலெழுத்துகளையும் இச்சாயத்தால் தீட்டினர். அச்செயலைக் குறித்த ‘மினியாரே’ என்னும் வினையின் வழியே இத்தாலிய மொழியில் ‘மினியாத்துரா’ பிறந்தது. சுவடி ஓவியம் என்பதே அதன் பொருள். அளவைப் பற்றிய குறிப்பு அதில் இல்லை. (நம் ஆசிரியர்கள் மதிப்பீட்டிற் கையாளும் ‘ரூப்ரிக்’ என்னும் சொல்லும் செங்காவியைக் குறித்த இலத்தீன் சொல்லே. அங்கும் செம்மை மறைந்துவிட்டது.)

ஆங்கிலம் இச்சொல்லை 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஏற்றது. சுவடிப் பக்கத்தில் அடங்கும் ஓவியம் சிறிதாகவே இருக்கும். ‘மைனர்’ முதலியவற்றின் ஒலியும் அருகே நின்றது. இவ்விரண்டும் சேர்ந்து பொருளைத் திருப்பின. 18ஆம் நூற்றாண்டில் ‘சிற்றளவான’ என்னும் பெயரடையாகவும் அது வழங்கலாயிற்று. 20ஆம் நூற்றாண்டில் அதன் தலைப்பகுதி மட்டும் ‘மினி’ எனத் தனித்து நின்று, 1959இல் வெளிவந்த சிறிய மகிழுந்துக்கும் 1960களின் குட்டைப் பாவாடைக்கும் பெயராயிற்று.

இனி ‘மினஸ்கியூல்’ என்னும் சொல்லைக் காண்போம். ‘சற்றே சிறிய’ எனப் பொருள்படும் ‘மினுஸ்குலுஸ்’ என்பதே இதன் மூலம். முதலில் சிற்றெழுத்து வடிவத்தையே குறித்தது. இதன் இரண்டாம் அசையில் ‘யு’ என்னும் எழுத்து வருதல் வேண்டும். பலரும் ‘மினி’யை நினைந்து அங்கு ‘ஐ’ எழுதுகின்றனர். சில அகராதிகள் அதனை மாற்று வடிவமாகவும் பதிவு செய்துள்ளன. மெய்யாகவே சிறுமையை வேராகக் கொண்ட சொல், சாயத்தின் வழிவந்த சொல்லைப் பார்த்துத் தன் எழுத்தை மாற்றிக்கொள்கிறது!

அங்ஙனமாயின் ‘மினியேச்சர்’ ஓவியத்தைத் தமிழில் ‘சிற்றோவியம்’ என்பது தவறாகுமா? ஆகாது என்பதே எம் கருத்து. கலைச்சொல் வழக்கிலுள்ள பொருளைத் தழுவுகிறது. அது வேர்ப்பொருளைச் சுமக்க வேண்டுவதில்லை. ஆயினும் ‘சிற்றோவியம்’ என்னும் தமிழாக்கத்தையே சான்றாகக் காட்டி ஆங்கிலச் சொல்லின் வேரும் சிறுமையே என மாணவர்க்குக் கூறுதல் பொருந்தாது. ‘மினஸ்கியூல்’ என்பதற்கு, எழுத்தைக் குறிக்குமிடத்துச் ‘சிற்றெழுத்து’ என்றும் ஏனைய இடங்களில் ‘மிகச் சிறிய’ என்றும் கொள்ளலாம். ‘நுண்ணிய’ என்பதை நுட்பமும் உடன் சுட்டப்படும் இடத்திற்கே ஒதுக்குதல் நன்று.