இடம் மாறியும் போகாத பயம்

கிண்டி பாம்புப் பண்ணையில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாகம் படமெடுத்து நிற்கும். குழந்தையைத் தூக்கிப் பிடித்துக் காட்டுவோம். அதே நாகம் ராத்திரி வயல் வரப்பில் டார்ச் வெளிச்சத்தில் தட்டுப்பட்டால் உடம்பெல்லாம் வேர்த்துவிடும். பாம்பு ஒன்றுதான், இடம்தான் வேறு. எங்கே பயப்பட வேண்டும், எங்கே வேண்டாம் என்று பிரித்துப் பார்க்கும் வேலையை மூளை நம்மைக் கேட்காமலேயே செய்து முடித்துவிடுகிறது. பெரும் அதிர்ச்சிக்கு ஆளான சிலருக்கு இந்த வேலை தடுமாறுகிறது. ஆபத்து எப்போதோ ஓய்ந்திருக்கும். உடம்பு மட்டும் இன்னும் வரப்பிலேயே நிற்கும். பி.டி.எஸ்.டி. எனப்படும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறின் மையத்தில் இந்தத் தடுமாற்றம் இருப்பதாக ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள்.

கோழைத்தனம் அல்ல

முதல் உலகப் போரின்போது குண்டுச் சத்தத்துக்குப் பிறகு கை நடுங்கி, பேச்சு தடைபட்டுத் திரும்பிய சிப்பாய்களைப் பற்றி 1915-ல் மருத்துவர் சார்ல்ஸ் மையர்ஸ் எழுதினார். ஆனாலும், போர்முனையை விட்டு ஓடியது, கோழைத்தனம் போன்ற குற்றங்களுக்காக பிரிட்டிஷ் ராணுவம் தன் சிப்பாய்களையே சுட்டது. அப்படிச் சுடப்பட்ட 306 பேருக்கு 2006-ல்தான் மன்னிப்பு கிடைத்தது. வியட்நாம் போருக்குப் பிறகு, 1980-ல், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இந்தக் கோளாறைத் தனி நோயாகத் தன் கையேட்டில் சேர்த்தது.

போர் மட்டுமே காரணம் அல்ல. சாலை விபத்து, பாலியல் வன்முறை, சுனாமி, தீ விபத்து என எதுவும் காரணமாகலாம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, வாழ்நாளில் சுமார் 70 சதவீதம் பேர் இப்படி ஏதாவது ஓர் அதிர்ச்சியைச் சந்திக்கிறார்கள். அவர்களில் 5.6 சதவீதம் பேருக்குத்தான் இந்த நோய் வருகிறது. பெரும்பாலோர் நாளடைவில் தாமாகவே தேறிவிடுகிறார்கள்.

ஒரே சம்பவம், இரண்டு பதிவு

ஜெனீவா மருத்துவர் எட்வார் கிளாபரேட் 1911-ல் ஒரு விநோதமான சோதனையை எழுதிவைத்தார். அவரிடம் சிகிச்சை பெற்ற ஒரு பெண்ணுக்குப் புதிதாக எதுவும் நினைவில் தங்காது. தினம் பார்க்கும் மருத்துவரே அவருக்குப் புது ஆள்தான். ஒருநாள் விரலிடுக்கில் குண்டூசியை மறைத்துக்கொண்டு கிளாபரேட் அவரோடு கை குலுக்கினார். குத்தியதை அந்தப் பெண் சீக்கிரமே மறந்துபோனார். ஆனால் மறுபடி கை நீட்டியபோது தன் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். ஏன் என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை.

நடந்ததைச் சொல்லும் நினைவும், நடந்ததற்குப் பயப்படும் நினைவும் வேறு வேறு என்பதை அந்தக் கை காட்டிக்கொடுத்தது. பயத்தைப் பதிப்பதில் அமிக்டலாவுக்கு முக்கியப் பங்கு. வாதுமைக் கொட்டை அளவிலான பகுதி அது. எங்கே, எப்போது, யாரோடு என்ற சூழலைக் கோத்துவைப்பது அதை ஒட்டியுள்ள ஹிப்போகாம்பஸ். இப்போது ஆபத்து இல்லை, அடங்கு என்று அமிக்டலாவைத் தணிப்பது நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளைப் பகுதி.

1992-ல் ஜோசப் லெடூவும் அவருடைய சக ஆய்வாளரும் எலிகளிடம் இதைத் தெளிவாகவே பார்த்தார்கள். ஒரு கூண்டில் ஓசை எழுப்பி, கூடவே லேசான மின் அதிர்ச்சி கொடுத்தால், எலி அந்த ஓசைக்கும் பயப்படும், கூண்டுக்கும் பயப்படும். அமிக்டலா சேதமான எலிகளுக்கு இரண்டு பயமும் இல்லை. ஹிப்போகாம்பஸ் சேதமானவற்றுக்கு ஓசைப் பயம் இருந்தது, கூண்டுப் பயம் மட்டும் போய்விட்டது.

அன்றைய சத்தம், இன்றைய உடம்பு

உயிருக்கு ஆபத்து வரும்போது சுரக்கும் ஹார்மோன்கள் அமிக்டலாவின் பதிவை ஆழமாக்குகின்றன. அழுத்தம் எல்லை மீறினால் ஹிப்போகாம்பஸ் தடுமாறுகிறது. அதனால் சத்தமும் வாடையும் கூர்மையாகப் பதிய, எது முன், எது பின், எப்போது முடிந்தது என்பதெல்லாம் மங்கலாகிவிடலாம்.

இலங்கைப் போரில், வன்னியில் ஷெல் விழும்போது பங்கருக்குள் ஒடுங்கிக் கிடந்த ஒருவர் இன்று டொரன்டோவில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கனடா தினத்தில் வாணவேடிக்கை வெடிக்கிறது. வெடிதான் என்று அறிவுக்குத் தெரியும். அதற்குள் அவர் மேசைக்கு அடியில் இருக்கிறார். நெஞ்சு படபடக்கிறது, வாய் உலர்கிறது. பழைய சம்பவம் நினைவுக்கு வருவதாக அல்ல, இப்போதே நடப்பதாகவே அவர் உணர்கிறார்.

இந்த நோய் உள்ளவர்கள் பலருக்கு ஹிப்போகாம்பஸ் சற்றுச் சிறிதாக இருக்கிறது. வியட்நாம் போருக்குச் சென்றவர்களையும், போருக்கே போகாத அவர்களுடைய ஒத்த இரட்டையர்களையும் ஒப்பிட்ட 2002-ம் ஆண்டு ஆய்வில், நோய் வந்தவருடைய, போருக்குப் போகாத சகோதரருக்கும் அது சிறிதாகவே இருந்தது. ஆக, ஒருவருக்கு நோய் வந்து இன்னொருவருக்கு வராமல் போவதில் பிறவிக் கூறும் கலந்திருக்கலாம். மனத் துணிவை வைத்து இதை அளக்க முடியாது.

சிகிச்சை என்ன செய்கிறது?

பழைய பயத்தை அழிப்பதைவிட, ‘இங்கே ஆபத்து இல்லை’ என்ற புதிய பாடத்தைப் பக்கத்தில் எழுதுவதே சிகிச்சையின் முக்கிய வேலை. அந்தப் புதிய பாடம் கற்ற இடத்தோடு ஒட்டிக்கொள்ளும் என்பதை மார்க் பவுட்டனின் ஆய்வுகள் காட்டின. மருத்துவர் அறையில் அடங்கிய பயம் பஸ் ஸ்டாண்டில் தலைதூக்குவது இதனால்தான். ஆகவே, தவிர்த்துவந்த சாலை, சந்தை, சத்தம் ஆகியவற்றை, ஆபத்து இல்லாத நிலையில், படிப்படியாகப் பல இடங்களில் எதிர்கொள்ளப் பழக்குகிறார்கள். நடந்ததை முதலிலிருந்து கடைசிவரை வரிசையாகச் சொல்லவும் வைக்கிறார்கள். அதிர்ச்சியை மையமாகக் கொண்ட இத்தகைய அறிவாற்றல் நடத்தை சிகிச்சையையும், கண் அசைவோடு செய்யும் ஈ.எம்.டி.ஆர். முறையையும் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. சிலருக்கு செர்ட்ரலின் போன்ற மாத்திரைகள் உதவும். மதுவும், தாமாக வாங்கிப் போடும் தூக்க மாத்திரையும் நிலைமையை மோசமாக்கும்.

வீட்டில் உள்ளவர்களுக்கு

‘எல்லாம் முடிஞ்சு போச்சு, மறந்துடு’ என்று சொல்லாதீர்கள். முடிந்துவிட்டது என்பதுதான் அந்த உடம்புக்கு எட்டவில்லை. நடந்ததைச் சொல்லும்படி வற்புறுத்தவும் வேண்டாம். திடுக்கிட்டுத் தவிக்கும்போது பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். இன்று என்ன கிழமை, இது எந்த ஊர், யார் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று நிதானமாகச் சொல்லுங்கள். தரையில் பாதத்தை அழுத்தச் சொல்லுங்கள். மூளை தவறவிட்ட சூழலை வெளியிலிருந்து எடுத்துக்கொடுக்கும் வழி இது.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

காட்சி திரும்பத் திரும்ப வருவது, கெட்ட கனவு, அந்த இடத்தையோ பேச்சையோ தவிர்ப்பது, குற்ற உணர்வு, மரத்துப்போன மனம், தூக்கமின்மை, எரிச்சல், சின்னச் சத்தத்துக்கும் துள்ளி விழுவது ஆகியவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வேலையைக் கெடுத்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். இந்தியாவில் ‘டெலி மானஸ்’ 14416 எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம். சம்பவம் நடந்து பல வருடங்கள் ஆகிவிட்டதே என்று தயங்க வேண்டியதில்லை. புதிய பாடம் கற்கும் திறன் மூளைக்கு எந்த வயதிலும் உண்டு.