வயிற்றில் கரண்ட் வைத்தால் மலம் இறங்குமா?

தண்டுவடம் அடிபட்டவரின் வீட்டில் காலைக்கடனுக்கே ஒன்றிரண்டு மணி நேரம் போய்விடுவதுண்டு. காஞ்சிபுரத்தை அடுத்த ஓரிக்கை போன்ற நெசவுக் குடியிருப்பில் அது தறி நிற்கும் நேரம். துணைக்கு நிற்பவரின் கூலியும் அதில் போகும். வயிற்றில் பேட் வைத்த பெல்ட்டைக் கட்டிக் கரண்ட் வைத்தால் சீக்கிரம் முடியும் என்று யாராவது சொன்னால், கடன் வாங்கியாவது வாங்கிவிடத் தோன்றும். பெல்ட்டின் விலையை விசாரிக்கும் முன், அடிபட்டது முதுகில் எந்த இடம் என்று பார்த்தாக வேண்டும். ஏனென்றால் அந்தக் கரண்ட், குடலை ஓடவைக்கும் வைத்தியம் என்பதைவிட, முக்குவதற்கான பலத்தை இரவல் தரும் ஏற்பாடு என்பதே பொருத்தம். தோல் வழியாகப் பாயும் துடிப்பு வயிற்றுத் தசையை இறுக்குகிறது. உள்ளே அழுத்தம் கூடுகிறது. 2004இல் அமெரிக்காவில் ஆய்வாளர் கோர்ஸ்டன் குழுவினர் இப்படி ஒரு பெல்ட்டைச் சிலருக்குக் கட்டி, கரண்ட் ஓடும் நாளையும் ஓடாத நாளையும் ஒப்பிட்டார்கள். ஓடிய நாளில் வேலை சீக்கிரம் முடிந்தது. நல்ல சேதிதான். ஆனால் விரல்விட்டு எண்ணத்தக்க ஆட்களை வைத்துச் செய்த ஆய்வு அது.

மரத்திலிருந்தோ சாரத்திலிருந்தோ விழுபவர்களுக்கு அதிகம் முறிவது நெஞ்சு முதுகும் இடுப்பும் சேரும் இடம். தண்டுவடத்தின் நுனி முடிவதும் அங்கேதான். நுனி நசுங்கியவருக்கு வயிற்றுத் தசை பெரும்பாலும் சொன்னபடி கேட்கும். ஆசனவாய்தான் தளர்ந்து கிடக்கும். அவரால் ஏற்கெனவே முக்க முடியும், ஆகவே பெல்ட்டால் பெரிய லாபமில்லை. கையுறை போட்டு விரலால் எடுப்பதே அவருக்கு வழி. கழுத்திலோ நெஞ்சு முதுகின் மேற்பகுதியிலோ அடிபட்டவர் கதை வேறு. குடலின் அனிச்சைச் செயல் மிஞ்சியிருக்கும், முக்கத்தான் பலமிருக்காது. பெல்ட் உதவக்கூடியது இவருக்கே. ஆபத்தும் இவருக்கே. ஆறாவது நெஞ்சு முள்ளெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ அடிபட்டிருந்தால், குடல் நிறைவதோ தூண்டப்படுவதோ ரத்த அழுத்தத்தைத் திடீரென ஏற்றிவிடலாம். தலை வெடிப்பதுபோல் வலிக்கும், முகம் வியர்க்கும். முதல் தடவை டாக்டர் முன்னிலையில், பிரஷர் பார்த்துக்கொண்டே செய்ய வேண்டும்.

அரை மணி மிச்சமானாலும் லாபம்தானே என்று கேட்பது நியாயம். ஆனால் அந்த அரை மணியைக் காசில்லாமலும் மிச்சப்படுத்தலாம். சாப்பிட்டு இருபது முப்பது நிமிடத்தில் குடல் தானாக அசையும். தினமும் அதே நேரத்தில் உட்காரவைக்க வேண்டும். அனிச்சை உள்ளவருக்கு ஆசனவாயில் வைக்கும் மாத்திரை மலத்துக்குள் புதைந்தால் வீண், குடல் சுவரைத் தொட வேண்டும். இதைச் சொல்லித்தர யார் இருக்கிறார்கள் என்றால், பாலாற்றங்கரையோடு மேற்கே போனால் வேலூர். 1954இல் சாலை விபத்தில் கால்கள் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியிலிருந்தபடியே அங்கே சி.எம்.சி. மருத்துவமனையின் மறுவாழ்வுத் துறையைக் கட்டியெழுப்பினார். 1966இல் மறுவாழ்வு மையமும் திறக்கப்பட்டது. போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரியை மறக்கக் கூடாது. அடிபட்ட மட்டம் அதில் இருக்கும். அதோடு டாக்டர் ஆசனவாயில் விரல் வைத்து இறுக்கம் பார்த்தாரென்றால், கரண்ட் உதவுமா என்ற கேள்விக்குப் பாதி விடை அங்கேயே தெரிந்துவிடும்.