அருந்ததி தெரிகிறதா?

அருள்புரத்தில் ஒரு கல்யாணம். தாலி கட்டி முடிந்ததும் புரோகிதர் மணமக்களை வாசலுக்கு அழைத்து வந்து, "அதோ அருந்ததி!" என்று வானத்தைக் காட்டினார். சுட்டெரிக்கும் வெயில்! இருவரும் பவ்யமாகத் தலையாட்டினார்கள். தம்பதிகள் சேர்ந்து சொல்லும் முதல் பொய் அதுதான்!

ஆனால் அருந்ததி பொய்யல்ல. சப்தரிஷி மண்டலத்தில் வசிஷ்டருக்கு அருகே மங்கலாக மின்னுகிறாள். சிலப்பதிகாரத்தில் கண்ணகியின் கற்புக்கு உவமையான வடமீன் இவள்தான். இருவரும் சுமார் 80 ஒளியாண்டுத் தொலைவில், ஒரே திசையில் சேர்ந்தே பயணம் செய்கிறார்கள். ஒரு வேடிக்கை! ஆராய்ந்து பார்த்ததில் வசிஷ்டர் என்பது நான்கு நட்சத்திரங்கள். அருந்ததிக்கும் ஒரு துணை உண்டென்று 2009-இல் தெரிந்தது. ஆக, ஆறு பேர் கொண்ட கூட்டுக் குடும்பம்!

திருப்பூர் வட்டாரத்தில் அவனுக்கு ஒரு பனியன் கம்பெனி, அவளுக்கு வேறொன்று. ஒன்றரை ஷிப்டு முடிந்து திரும்பினால், முகம் பார்த்துப் பேசவும் நேரமில்லை. வைகாசியில் இரவு 9 மணிக்கு வாசலில் வடக்கு நோக்கி நின்று, ஐந்தே நிமிஷம் அண்ணாந்து பாருங்கள்.

"ஏனுங்க, தெரியுதுங்களா?"

"இரு... பக்கத்திலே சின்னதா ஒண்ணு... ஆமா புள்ளே!"

அன்று சொன்ன பொய் இன்று மெய்யாகிவிட்டதல்லவா?